ஆளுக்கொரு வருஷம்

ஜனவரி 4, சனி

பெட்டி கட்டியாயிற்று. அரிசிக்கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தோம். விமானக்காரர்கள் சொன்ன எடைக்குக் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சத்துக்கு முறுக்கு வைத்தேன்.

திரும்பி வந்து பெண்கள் சங்கத்தில் அறிக்கை வாசிக்க வேண்டும். அதனால் நாள் தவறாமல் எழுதி வைக்கப் போகிறேன். சங்கத்துக்குப் புதிதாய் வந்தவர்களுக்காக முதலிலிருந்தே எழுதுகிறேன். எங்கள் சாயர்புரம் சபைப் பெண்கள் சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போடுவோம். மாதக் கடைசியில் அது கோவிலுக்கு வந்து விலையாகும். ஆறு வருஷமாய் அந்தப் பிடி அரிசியில் உகாண்டா தேசத்தில் ஒரு பெண்பிள்ளை படிக்கிறாள். பெயர் நக்காட்டோ, வயது பதினான்கு. இந்த வருஷம் ஏழாம் வகுப்பு, அரசாங்கப் பரீட்சை. அதில் தேறினால்தான் மேலே படிக்கலாம். பிள்ளையை நேரில் பார்த்து, மேற்கொண்டும் படிக்க வைப்போமா என்று சொல்ல ஒருவர் போக வேண்டும் என்றார்கள். செயலாளர் நான். டிக்கெட் மகன் எடுத்துக் கொடுத்தான்.

பெட்டியில் அவளுக்காக வைத்தவை: நானே தைத்த நீல ஃப்ராக், ஸ்வெட்டர், ஜியாமெட்ரி பெட்டி, ரிப்பன். எல்லாம் ஒவ்வொன்று.

என் வீட்டுக்காரருக்கு முட்டுவலி, வரவில்லை. "ஏ ஞானம், ஆப்பிரிக்கால முறுக்கு வேணும்னு யாரும் கேட்டாவளா?" என்றார்.

"கேக்காம கொடுக்கதுதான் அன்பு. நீங்க கேட்டா வாங்குதிய?"

தங்கை தவமணி பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தாள். "அக்கா, அங்க போயி இங்கிலீஷுக்கு என்ன செய்வ?" தமிழ் வேதத்தையும் இங்கிலீஷ் வேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருபது வருஷம் படித்திருக்கிறேன், போதும் என்றேன். சிரித்தாள். அவள் தலைமை ஆசிரியையாய் இருந்து ஓய்வு பெற்றவள், சிரிக்கலாம். எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. அப்போது வீட்டில் ஒருத்தியைத்தான் விடுதிக்கு அனுப்ப முடிந்தது. அதில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

சேர்ந்தேன். ஸ்தோத்திரம். கால் வீங்கியிருக்கிறது. மண் நம் தேரி மண்ணைப் போலவே சிவப்பு.

ஜனவரி 8, புதன்

நக்காட்டோவைப் படிக்க வைக்கும் மிஷனை நடத்துகிற கோல்டுவின் பிரதர் மெஞ்ஞானபுரத்துக்காரர். பதினோரு வருஷமாய் இங்கே இருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் படிப்புக்காக ஊரில். புளியும் மிளகும் கொண்டுவந்திருக்கிறேன் என்றதும், "அக்கா, நீங்க மனுஷியே இல்ல, தேவதூதன்" என்றார். மத்தியானம் ரசம் வைத்தேன். தம்ளரில் ஊற்றிக் குடித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் ஆள் மாறிவிட்டார். விதிகளைச் சொன்னார். பிள்ளையைத் தனியே வெளியில் கூட்டிப் போகக் கூடாது. வீட்டாருக்கு எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. போகும்போது, பதிவில் உள்ள பிள்ளையைத்தான் பார்த்தேன், நலமாய் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான், இன்னொன்றையும் எடுங்கள் என்று யாராவது கெஞ்சினால் தலையாட்டி வைக்கக் கூடாது.

"வெளிய நாப்பது வீடு காத்துக் கெடக்குக்கா. ஒரு வீட்டுல ரெண்டு எடுத்தா இன்னொரு வீட்டுல ஒண்ணு போச்சு. கோல்டுவின் கல்நெஞ்சுக்காரன்னு இங்க பேரு. இருந்துட்டுப் போட்டும்."

"நல்ல விதிதான் பிரதர்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஜனவரி 9, வியாழன்

பார்த்துவிட்டேன்.

மிஷனில் பிள்ளைகளைக் கவனிக்கிற ப்ரோஸி என்ற பெண் கூட்டி வந்தாள். ப்ரோஸிக்கு முப்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி. வாய் நிறையச் சிரிப்பு. எனக்கும் இங்குள்ளவர்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்கிறவள் அவள்தான். என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு, "மம்மி, நீங்க பழைய காலத்து ராணி மாதிரிப் பேசுறீங்க" என்றாள். எல்லார் பேச்சையும் என் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

பிள்ளை வந்ததும் என் முன்னால் மண்டியிட்டாள். பதறிப்போய், "எழுந்திரு, எழுந்திரு, நானும் மனுஷிதான்" என்று தூக்கினேன். பெரியவர்களுக்கு இங்கே அப்படித்தான் வணக்கம் சொல்வார்களாம். போட்டோவில் பார்த்ததைவிட உயரம். ஃப்ராக் அளவு சரியாய் இருந்தது. "விமானத்துக்குள்ள காத்து வருமா?" என்று கேட்டாள். விவரமாய்ச் சொன்னேன். என்னோடு உட்கார்ந்து சோறும் வாழைக்காய் மசியலும் நன்றாகச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டதும் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். வந்தாள், பள்ளிச் சீருடையில். ஃப்ராக் அழுக்காகாமல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள், பொறுப்பான பிள்ளை. ஆனால் மண்டியிட்டு மறுபடி வணக்கம் சொன்னாள். பிறகு, "விமானத்துக்குள்ள காத்து வருமா?" என்றாள். கூச்சத்தில் மறந்துவிட்டாள் போலும், மறுபடி சொன்னேன். முறுக்கை வைத்தேன். காலையிலிருந்து சாப்பிடாதவள் மாதிரிச் சாப்பிட்டாள். கையெழுத்துப் போட்டுக் காட்டு என்றேன். இடது கையால் எழுதினாள். வலது மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு இருந்தது. காலையில் பார்க்கவில்லையே, வீட்டுக்குப் போன இடத்தில் சுட்டுக்கொண்டாளோ என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். அவள் ஆச்சரியமாய்க் கையை நீட்டிக்கொண்டு இருந்தாள். ப்ரோஸி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 10, வெள்ளி

நிதானமாய் எழுத வேண்டும்.

இன்று வீடு பார்க்கப் போனோம். தகரக் கூரை போட்ட செங்கல் வீடு. பின்னால் வாழையும் காப்பிச் செடியும். ரோட்டோரத்தில் அடுப்பு வைத்துச் சப்பாத்தி சுட்டு விற்கிறார் தாய். நெடுநெடுவென்ற உயரம். ஊரில் எல்லாரும் அவரை "நலோங்கோ" என்று மரியாதையாய்க் கூப்பிடுகிறார்கள். தகப்பன் இல்லை.

வாசலில் நக்காட்டோ மண்டியிட்டாள். அவள் பக்கத்தில் இன்னொரு நக்காட்டோ மண்டியிட்டாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டுதான்.

"ப்ரோஸி, இது என்ன?"

"இவ பபிரியே. மூத்தவ. அவ நக்காட்டோ. பத்து நிமிஷம் இளையவ."

இந்த ஜனங்களுக்குள் இரட்டைப் பெண் பிறந்தால் முதல் பிள்ளை பபிரியே, அடுத்தது நக்காட்டோ. அது மாறாது. பெற்றவளுக்கு நலோங்கோ என்று பட்டம். நக்காட்டோ என்றாலே கூட ஒருத்தி உண்டு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீங்க கேக்கலையே, மம்மி."

ஆறு வருஷம் ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன். கேட்கவில்லைதான்.

நான் தைத்த ஃப்ராக் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவளுக்கும் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இருவருக்கும் இல்லை. அது இங்கே கண்டிப்பு. நேற்று என்னையும் அப்படித்தான் பங்கு வைத்திருக்கிறார்கள். காலையில் நான் நக்காட்டோவுக்கு, மத்தியானத்துக்கு மேல் பபிரியேவுக்கு. பழைய தழும்புக்கு நான் எண்ணெய் தடவியதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டேன்: "அப்படின்னா பள்ளிக்கூடத்த எப்படிப் பங்கு வச்சிய?"

ப்ரோஸி அதை மாற்றிச் சொல்லவில்லை. நலோங்கோ என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஒளிக்காமல் சொன்னார்; வேறு வழியில்லாமல் ப்ரோஸி மாற்றிச் சொன்னாள்.

"ஆளுக்கொரு வருஷம்."

மிஷனிலிருந்து பெயர் எழுத வந்த அன்று பபிரியேவுக்குக் காய்ச்சல். நின்றுகொண்டிருந்தவள் நக்காட்டோ. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை, அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்கள். முதல் வகுப்புக்குப் பபிரியே போனாள், இரண்டாவதுக்கு நக்காட்டோ, மூன்றாவதுக்குப் பபிரியே. பள்ளியில் இருவருக்கும் பெயர் நக்காட்டோதான். வீட்டில் நிற்கிறவள் பகலில் சப்பாத்தி சுடுவாள். போனவள் சாயங்காலம் வந்து அன்று படித்ததை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். கோல்டுவின் பிரதர் கேட்டபோது, பபிரியே அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள்.

"இந்த வருஷம் பபிரியே முறை" என்றார் நலோங்கோ. "பரீட்சைய அவ எழுதுவா. சர்டிபிகேட்ல நக்காட்டோன்னு வரும். எல்லாத்தயும் பாதி பண்ணிட்டேன். இத எப்படிப் பண்ணுறது? நீ படிச்சவ மாதிரி இருக்க. சொல்லு."

பள்ளியில் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க அடுத்த வெள்ளி கடைசி நாள்.

பபிரியேவிடம் போன வருஷத்துக் கணக்கு ஒன்று கொடுத்துப் பார்த்தேன். போன வருஷம் அவள் பள்ளிக்குப் போகாத வருஷம். அடுப்புப் பக்கத்தில் குந்தி, கரித்துண்டால் போட்டுக் காட்டினாள். சரி.

"வீட்டுல நின்ன வருஷமெல்லாம் அழுதியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? சப்பாத்தி சுட்டேன்."

"தங்கச்சி காலையில பையத் தூக்கிட்டுப் போகும்போது?"

"மம்மி" என்றாள் ப்ரோஸி, "நீங்க ஒரே கேள்விய மாத்தி மாத்திக் கேக்குறீங்க."

இங்கே தூசி அதிகம். முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 11, சனி

துணி துவைத்தேன். கோல்டுவின் பிரதருக்கு ரசப்பொடி இடித்து வைத்தேன்.

ப்ரோஸி வந்தாள். இன்று சிரிப்பு இல்லை. "மம்மி, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க. பரீட்சை முடியட்டும். இப்ப சொன்னா பேரை அடிச்சிடுவாரு. ரெண்டும் வெளிய நிக்கும். எனக்கும் வேலை போகும்."

அவள் சொல்வது சரி. கோல்டுவின் பிரதர் விதியும் சரி. வேதத்தில் சாலொமோன் ராஜா முன்னால் ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் வழக்காடினார்கள், பிள்ளையைப் பட்டயத்தால் இரண்டாய் வெட்டச் சொன்னார். இங்கே தலைகீழ். அதுவும் எனக்குச் சிங்காசனமும் இல்லை, பட்டயமும் இல்லை, மிஷன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது ஒரு பக்கம். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நான் பேசாமல் கையெழுத்துப் போட்டால் பபிரியே பரீட்சை எழுதுவாள், தேறியும் விடுவாள். அவள் தேறியது ஆயுசுக்கும் அவளுடையது இல்லை.

தவமணி போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, விதின்னு ஒண்ணு இருக்குல்லா. என் ஸ்கூல்லயும் இப்படி எத்தன பாத்திருக்கேன். நீ பாத்துட்டு வா, போதும்" என்றாள். அவளுக்குத் தெரியும், பள்ளிக்கூடம் நடத்தியவள். அவள் விடுதிக்குப் போன அன்று டிரங்குப் பெட்டியை பஸ் வரைக்கும் நான்தான் தலையில் தூக்கிப் போனேன். இது எதற்கு இந்த இடத்தில் வந்தது என்று தெரியவில்லை. எழுதியதை அடிப்பது என் வழக்கம் இல்லை, கிடக்கட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை மத்தியானம் வரைக்கும் நீண்டது. ஆடிக்கொண்டே போய்க் காணிக்கை போடுகிறார்கள். நானும் கொஞ்சம் அசைந்தேன். வீட்டில் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

முடிவு எடுத்துவிட்டேன். ஆனால் பெற்றவளைக் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது.

ஜனவரி 13, திங்கள்

ப்ரோஸியைப் பிடித்து இழுக்காத குறையாய் நலோங்கோவிடம் கூட்டிப் போனேன். அடுப்பில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. சும்மா நிற்பானேன் என்று உருட்டுக் கட்டையை வாங்கி நானும் ஒன்று தேய்த்தேன். நலோங்கோ அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எந்த நாட்டு மேப்?"

"எங்க ஊருல சோறுதான்" என்றேன். "வட்டம் எங்களுக்கு வராது."

கூட்டம் குறைந்ததும் சொன்னேன்: "கோல்டுவின் பிரதர்கிட்ட உண்மையைச் சொல்லப் போறேன். நீங்க வேண்டாம்னா சொல்லல. ஆனா பொய்யா கையெழுத்தும் போட மாட்டேன், போடாமப் போயிருவேன்."

நலோங்கோ மாவிலிருந்து கையை எடுத்தார். "நீ சொன்னா என் பிள்ளைங்க வெளிய."

"சொல்லாட்டி உங்க மூத்தவ காலம் பூரா இளையவளா இருக்கணும்."

"உனக்கென்ன வந்துது? சனிக்கிழமை விமானம் ஏறிடுவ."

"ஏறுவேன். அதுக்கு முன்னால முடிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாக்குக் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே விதி சொன்னார்கள். கொடுத்தாயிற்று.

நலோங்கோ பிள்ளைகளைக் கூப்பிட்டார். நக்காட்டோ முதலில் பேசினாள். "அவ எழுதினா எனக்குப் பாஸ்னு வரும். நான் எழுதாத பரீட்சை. அத வச்சிக்கிட்டு நான் எப்படி நடப்பேன்?" பபிரியே ரொம்ப நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு, "என் பேர்ல ஃபெயில் ஆனாக்கூட எனக்குப் போதும்" என்றாள்.

நலோங்கோ அடுப்பை அணைத்தார். பட்டப்பகலில், வியாபார நேரத்தில் அணைத்தார். "நாளைக்கு நாங்களும் வர்றோம். எங்க கதைய நீ மட்டும் சொல்லக் கூடாது."

ஜனவரி 14, செவ்வாய்

ஊரில் பொங்கல். இங்கே இன்னொரு பானை பொங்கியது.

மிஷன் அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேரும் நின்றோம். நலோங்கோ சொன்னார், ப்ரோஸி மாற்றிச் சொன்னாள். கோல்டுவின் பிரதர் இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தமிழில் வெடித்தார்.

"ஆறு வருஷம்! ஆறு வருஷமா என்னைய மடையனாக்கியிருக்காவ!"

"மடையனாக்கல பிரதர். ஒரு எலைச் சோத்த ரெண்டு பேரு தின்னுருக்காவ."

"அக்கா, நீங்க பாக்க வந்தியளா, வக்கீலா வந்தியளா?"

"பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன். அதான் பேசுதேன்."

"நான் என்ன செய்யணுங்கிய? பாவம்னு விட்டுறவா? அப்ப உண்மையச் சொல்லிக் காத்துக் கெடக்க நாப்பது வீட்டுக்காரனும் ஏமாளி, அப்படித்தான?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எழுந்து போகச் சொல்லிப் பார்த்தார். கால் வீக்கம் என்றேன், அது உண்மைதான். அவர் உள்ளே போனார், வந்தார், தண்ணீர் குடித்தார். கடைசியில் பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்து, எங்கள் எல்லார் முன்னாலும் நக்காட்டோவின் பெயரை அடித்தார். பேனா தாளைக் கிழித்தது.

பிடி அரிசி இனி காத்திருக்கிற வேறொரு வீட்டுப் பிள்ளைக்குப் போகும். போகத்தான் வேண்டும். அது சங்கத்து அரிசி, என் இஷ்டத்துக்கு அள்ளக் கூடாது.

நக்காட்டோ அழுதாள். பபிரியே அழவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பிரதர், இப்ப இந்த ரெண்டும் மிஷன் பிள்ளைக இல்லல்லா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளங்கிற மிஷன் விதியும் இதுகளுக்கு இல்லல்லா?"

என்னையே பார்த்தார். கோபத்தை எவ்வளவோ பிடித்து வைத்துப் பார்த்தார், முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க ரசம் மட்டும்தான் வைப்பியன்னு நெனச்சேனே அக்கா."

"பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையப் பாக்கணும். நீங்க ஒரு வார்த்த சொன்னா உள்ள விடுவாவ."

போனை எடுத்தார். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ப்ரோஸியிடம், "உன்ட்ட பெறகு பேசுதேன்" என்றார். தமிழ் தெரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்தது.

திரும்பும்போது நானும் ப்ரோஸியும் நலோங்கோவோடு கொஞ்ச தூரம் நடந்தோம். பிரியும் இடத்தில் நின்று, "முடிக்கிறேன்னு சொன்ன" என்றார். மிரட்டினாரா, நினைவுபடுத்தினாரா என்று தெரியவில்லை.

ஜனவரி 15, புதன்

நான் ப்ளவுஸ் தைத்துச் சேர்ப்பதைக் கொண்டு ஒரு பிள்ளைக்குச் சமாளிக்கலாம். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் இரண்டுக்கு வராது.

தவமணியைக் கூப்பிட்டேன். இதுவரை அவளிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டி வரவில்லை.

"தவமணி, ரெண்டு பிள்ளையப் படிக்க வைக்கணும். பாதி நான். பாதி நீ."

"எனக்கு எந்தப் பிள்ள?"

"அப்படி இல்ல. இங்க அது ஆகாது. ரெண்டும் ரெண்டு பேருக்கும்."

"எதுவரைக்கும்?"

"அதுக படிக்கிற வரைக்கும்."



"அக்கா" என்றாள். குரல் தலைமை ஆசிரியைக் குரலாய் இல்லை. "நீ அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"என்னைக்கு?"

"என்னைக்குன்னு ஒனக்குத் தெரியும்."

இங்கே சிக்னல் சரியில்லை. "பாதி உண்டா, இல்லையா?" என்று கேட்டேன்.

"உண்டு. நீ கேக்காமலே வந்திருக்கணும் அது" என்றாள்.

வீட்டில் அவரிடமும் சொன்னேன். "செய்யி. கொறஞ்சா என் பென்ஷன் இருக்கு" என்றார். பிறகு, "ஆமா, ஞாயித்துக்கெழம கோயில்ல டான்ஸ் ஆடுனியாமே? கோல்டுவின் வீடியோ போட்டுருக்காரு. சபை பூரா பாத்தாச்சு."

ஜனவரி 16, வியாழன்

தலைமை ஆசிரியை ஒடிசலான அம்மாள். வெள்ளை முடி, கறுப்புக் குடை. நான் விஷயத்தைத் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணாம் வகுப்புல நக்காட்டோ இடது கையால எழுதினா. நாலாம் வகுப்புல வலது கை. அஞ்சுல மறுபடி இடது. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சும் நீங்க…"

"யாராவது பெரியவங்க வந்து சொல்லட்டும்னு இருந்தேன். சொன்னாத்தான நான் ஏதாவது செய்ய முடியும்? பள்ளிக்கூடக் கணக்குல பபிரியேன்னு ஒரு பிள்ளை ஒருநாள்கூடப் படிச்சதில்ல. ஆறு வருஷத்துப் பாடத்துலயும் சோதிப்பேன். தேறினா எடுப்பேன். ரெண்டு பேருக்கும்தான்."

பிள்ளைகளைத் தனித் தனி அறையில் உட்கார வைத்தார். பொழுது சாயும் வரை எழுதினார்கள். நான் வெளியில் ஒரு மாமரத்தடியில் இருந்தேன். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினால், உள்ளே போய் நானும் எழுத வேண்டும் போல இருந்தது. என்ன பைத்தியக்காரத்தனம்.

நலோங்கோ அன்றைக்கு முழுக்க அடுப்புப் பற்றவைக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாய் ஒரு மொழி இல்லை, ப்ரோஸியும் இல்லை. வாழைப்பழம் ஒன்றை இரண்டாய்ப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தார்.

ஜனவரி 17, வெள்ளி

பெயர் கொடுக்கக் கடைசி நாள். விடிந்ததுமே போய் நின்றோம். கோல்டுவின் பிரதரும் வந்தார். "சும்மாத்தான் வந்தேன்" என்றார். ப்ரோஸியை எச்சரிக்கையோடு விட்டிருக்கிறார், வேலை இருக்கிறது.

தலைமை ஆசிரியை விடைத்தாள்களைப் புரட்டினார். "பபிரியேவுக்குக் கணக்கு நல்லா வருது, இங்கிலீஷ் தடுமாறுது. நக்காட்டோவுக்கு அப்படியே மாத்தி. ரெண்டையும் சேத்தா ஒரு நல்ல மாணவி" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

பிறகு சொன்னார்: "எடுத்துக்கறேன். ஒரு நிபந்தனை. இனிமே முறை கிடையாது. ரெண்டு பேரும் தினமும் வரணும். சாயங்கால வகுப்புக்கும் இருக்கணும்."

ப்ரோஸி மாற்றிச் சொன்னாள். எல்லாரும் நலோங்கோவைப் பார்த்தோம். அடுப்பில் மாவு பிசைய எப்போதும் ஒருத்தி இருந்தாள். இனி இருக்க மாட்டாள். நலோங்கோ தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"இது ரெண்டு இருக்கே" என்றார்.

பரீட்சைக்குப் பெயர் எழுதும் தாளை மேஜையில் வைத்தார் தலைமை ஆசிரியை. மாணவிகள் தாங்களே எழுத வேண்டும், ஒருவர் கீழ் ஒருவராக. "யாரு முதல்ல?"

பேனா ஒன்றுதான். பிள்ளைகள் இரண்டு பேரும் கை நீட்டவில்லை. தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து அந்த அம்மாள் ஒருத்திக்கு முன்னால் இன்னொருத்திக்கு ஒரு வாய்ச் சோறுகூட வைத்ததில்லை என்று ப்ரோஸி சொல்லியிருக்கிறாள். கோல்டுவின் பிரதர் தொண்டையைச் செருமினார். வெளியில் பெயர் கொடுக்க வந்த மற்றப் பிள்ளைகளின் சத்தம்.

நலோங்கோ பேனாவை எடுத்துப் பபிரியேவின் இடது கையில் வைத்தார்.

"மூத்தவ முதல்ல" என்றார்.

பபிரியே உட்கார்ந்தாள். தாளைத் தன் பக்கமாய்ச் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். அந்த அறையில் உட்கார எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். எதற்கென்று தெரியவில்லை, அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் நின்றேன்.